காட்டு ரிசார்ட்டில் தங்கப் போகும் வேலூர்க்காரர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்நாடகத்தின் கபினி, பந்திப்பூர், மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா, பெஞ்ச் போன்ற புலிக் காடுகளை ஒட்டி இருக்கும் உயர்தர ரிசார்ட்டுகளைப் பற்றி வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் பக்கத்து நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நான் இந்தக் காடுகளுக்குப் போய்வந்துகொண்டே இருப்பவன் என்பதால் கேள்வி என்னிடம் வருகிறது. வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஒரு பதில் அனுப்புவதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. எந்த ரிசார்ட்டிடமும் நான் கமிஷன் வாங்குவதில்லை. அதனால் சில பதில்கள் அவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

ஒரு ராத்திரிக்கு ஐம்பதாயிரமா? அதில் அப்படி என்ன இருக்கிறது?

பேர்பெற்ற ரிசார்ட்டுகளில் இருவருக்கு ஒரு இரவு ₹25,000 வாக்கில் தொடங்கும். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானின் ரந்தம்பூரிலும் லட்சத்தைத் தாண்டும் இடங்களும் உண்டு. நாள் வாடகை ₹7,500-ஐத் தாண்டினால் அறைக்கு 18% ஜி.எஸ்.டி. வரும். சொல்லும் தொகை வரியோடு சேர்த்தா, வரி தனியா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பணத்துக்கு நல்ல அறை, மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம், எள் என்றால் எண்ணெயாக நிற்கும் பணியாளர்கள் எல்லாம் கிடைக்கும். கிடைக்காத ஒன்று, தனிக் காடு. ஆப்பிரிக்காவில் சில இடங்களில் ரிசார்ட்காரர்களே ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டை வைத்திருப்பார்கள். இங்கே புலிக் காடு அரசாங்கத்துடையது. ரிசார்ட் எல்லைக்கு வெளியேதான் இருக்கும். லட்ச ரூபாய் அறையில் தங்குபவரும், காட்டுக்குள் நுழையும் கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டாயிரம் ரூபாய் அறையில் தங்குபவரும் அதே கேட்டில், அதே வரிசையில் நின்று, அதே நேரத்துக்கு உள்ளே போய், அதே மண் பாதையில்தான் சுற்றுவார்கள். புலிக்கு அறை வாடகை தெரியாது.

அப்படியானால் கூடுதல் பணம் வீணா? இடத்தைப் பொறுத்தது. மத்தியப் பிரதேசத்தில் நல்ல ரிசார்ட்டுகள் தங்கள் ஜீப்பையும் தங்கள் நேச்சுரலிஸ்ட்டையும் (காட்டையும் மிருகங்களையும் அறிந்து விளக்கிச் சொல்லும் ஆள்) வைத்திருக்கின்றன. வனத்துறை வழிகாட்டி கட்டாயம் கூட வருவார், அவரோடு இவரும் வருவார். தேர்ந்த நேச்சுரலிஸ்ட் பக்கத்தில் இருந்தால் காடு வேறு மாதிரி தெரியும். அந்த ஆளுக்காகப் பணம் கொடுப்பது நியாயம்தான். கபினியில் கதை வேறு. அங்கே சஃபாரியை நடத்துவது கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனமும் வனத்துறையும். எவ்வளவு விலையுயர்ந்த ரிசார்ட்டில் தங்கினாலும் ஏறப்போவது அவர்களுடைய வண்டியில், கூட வரப்போவது அவர்களுடைய ஆள். அங்கே கூடுதலாகக் கொடுப்பதெல்லாம் அறைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமே. அதனால் நான் சொல்வது: கபினிக்குப் போனால் அரசு விடுதியில் தங்குங்கள், கையை விரித்துச் செலவு செய்வதென்றால் மத்தியப் பிரதேசத்தில் செய்யுங்கள்.

பேர்ணாம்பட்டுக்கே யானை வருகிறதே. அதைப் பார்க்க ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்?

வருகிறதுதான். ஆந்திர எல்லையில் பலமனேர், குப்பம் பக்கம் இருக்கிற கௌண்டின்யா சரணாலயம் நமக்குக் கூப்பிடு தூரம். அங்கே இன்று இருக்கும் யானைகள் 1980-களில் தமிழ்நாடு, கர்நாடகக் காடுகளிலிருந்து போய்க் குடியேறிய கூட்டத்தின் வழிவந்தவை. குடியாத்தத்துக்கு வரும் கௌண்டின்யா ஆறு அந்தக் காட்டு வழியாகத்தான் இறங்குகிறது. மாங்காய்க் காலத்திலும் நெல் முற்றும் காலத்திலும் யானைகள் எல்லை தாண்டி வருவது அந்தப் பக்கத்து விவசாயிகளுக்குப் புதிதல்ல.

ஆனால் ராத்திரியில் பட்டாசு வெடித்து, டார்ச் அடித்து, நாய்கள் குரைக்க ஒரு கொம்பன் மாந்தோப்பை விட்டு ஓடுவதைப் பார்ப்பதும், யானையைப் பார்ப்பதும் ஒன்றல்ல. அது பயந்திருக்கிறது, மனிதர்களும் பயந்திருக்கிறார்கள். "யானை வந்திருக்காம், வா போய்ப் பார்க்கலாம்" என்று பைக்கில் கிளம்புபவர்களால்தான் பாதித் தொல்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கபினியில் மார்ச் முதல் மே வரை அணையின் நீர் இறங்க இறங்கக் கரையில் இளம்புல் முளைக்கும். மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்கும் அந்த நேரத்தில் சுற்றுவட்டாரக் காடுகளின் யானைகள் எல்லாம் அந்தப் புல்லுக்கு வந்து சேரும். ஒரே பார்வையில் நாற்பது ஐம்பது யானைகள், குட்டிகளோடு, நம்மைக் கண்டுகொள்ளாமல் மேய்ந்துகொண்டிருக்கும். குட்டி தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் சுழற்றிச் சுழற்றித் தானே மிதித்துக்கொள்வதைப் படகிலிருந்து பார்க்கலாம். அதற்காகத்தான் அவ்வளவு தூரம்.

அமிர்தியைப் பார்த்தாகிவிட்டது. பக்கத்தில் வேறு காட்டு ரிசார்ட் எதுவும் இல்லையா?

அமிர்தியில் இருப்பது சிறிய வன உயிரினப் பூங்காவும் அருவியும். ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல இடம், சஃபாரி அல்ல. ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் ரிசார்ட்டுகள் இருக்கின்றன, ஆனால் அவை மலை வாசத்துக்கானவை. பழைய வடாற்காட்டில் எங்கும் புலிகள் காப்பகம் கிடையாது. தமிழ்நாட்டின் ஐந்து காப்பகங்களும் (முதுமலை, ஆனைமலை, களக்காடு–முண்டந்துறை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை) மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமும் அதை ஒட்டியும்தான் இருக்கின்றன.

முதல் தடவை போகிறோம். எந்தக் காடு?

யானை, காட்டெருமை, செந்நாய், பறவைகள், கூடவே அதிர்ஷ்டம் இருந்தால் சிறுத்தையும் புலியும் என்றால் கபினி. கருஞ்சிறுத்தையால் பேர் வாங்கிய காடும் அதுதான், ஆனால் அதை நம்பிப் போகாதீர்கள். புலிதான் வேண்டும் என்றால் மத்தியப் பிரதேசம் அல்லது மகாராஷ்டிராவின் தடோபா. மத்தியப் பிரதேசத்துப் பாந்தவ்கரும் இந்தத் தடோபாவும் புலி பார்ப்பதற்குப் பேர்போனவை. கன்ஹாவில் புலியே வராவிட்டாலும் போன காசு வீண் இல்லை. சால மரக்காடும் பரந்த புல்வெளியும் அவ்வளவு அழகு. பாராசிங்கா என்ற சதுப்பு மான் 1970 வாக்கில் அங்கே 66-ஆகக் குறைந்து, ஒழிந்தே போகும் நிலைக்கு வந்தது. காப்பாற்றிப் பெருக்கி, இன்று கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. காலைப் பனியில் கிளைக் கொம்பில் புல்லைச் சுற்றிக்கொண்டு நிற்கும் ஆண் மானைப் பார்த்தால் புலியை மறந்துவிடுவீர்கள்.

நம் ஊரிலிருந்து போவதற்கு எளிது என்று பார்த்தால் பெஞ்ச். நாக்பூரிலிருந்து இரண்டு மணி நேரம்தான். தேக்குக் காடு, மேடும் பள்ளமுமான நிலம், வசதியான ரிசார்ட்டுகள். முதல் தடவைக்கு அதையே சொல்வேன்.

காட்பாடியிலிருந்து எப்படிப் போவது?

கபினிக்கும் பந்திப்பூருக்கும் மைசூர்தான் வாசல். சதாப்தி, வந்தே பாரத், இரவில் காவேரி எக்ஸ்பிரஸ் எல்லாம் காட்பாடியில் நின்று மைசூர் போகின்றன. மைசூரிலிருந்து இரண்டு காடுகளுக்குமே ஏறக்குறைய 80 கி.மீ., டாக்ஸி எடுத்துக்கொள்ளலாம். சொந்தக் காரில் என்றால் கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர், மைசூர் வழியாகக் கபினிக்கு சுமார் 430 கி.மீ. பெங்களூர் நெரிசலைத் தாண்டுவதுதான் பாடு. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு ரிசார்ட்டில் இருக்கலாம், அன்றைக்கே மாலை சஃபாரிக்கும் போகலாம்.

நாக்பூருக்கு கேரளா எக்ஸ்பிரஸ் காட்பாடி வழியாகப் போகிறது. ஏறக்குறைய ஒரு நாள் பயணம். சி.எம்.சி.க்கு வந்து திரும்பும் வடமாநில நோயாளிகளின் கூட்டம் இருப்பதால் காட்பாடியிலிருந்து வடக்கே போகும் ரயில்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது, திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். நேரம் இல்லாதவர்கள் சென்னை போய் நாக்பூருக்கு விமானம் பிடிக்கலாம்.

முதுமலைக்கு சொந்த வண்டியில் போகிறவர்கள் கவனிக்க: நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். பந்திப்பூர்–முதுமலை சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்பட்டிருக்கும். "ஒன்பதரைதான் ஆகிறது, விடுங்க சார்" என்று சோதனைச் சாவடியில் கெஞ்சிப் பயனில்லை.

எந்த மாதம் போகலாம்?

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் புலி பார்க்க ஏப்ரல், மே, ஜூன்தான் தோதான காலம். இலை உதிர்ந்து காடு திறந்து கிடக்கும், ஓடைகள் வற்றிவிடும், புலி ஏதாவது ஒரு குட்டைக்கு வந்தே ஆக வேண்டும். ஆனால் வெயில் 42, 43 டிகிரிக்கு ஏறும் என்று சொல்லி வெளியூர்க்காரர்கள் பயப்படுவார்கள். வேலூரில் அக்னி நட்சத்திரத்தில் சத்துவாச்சாரியில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு அது ஒன்றும் புதிதல்ல. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். வெயில் காலத்தில் வாடகையைக் குறைக்கும் ரிசார்ட்டுகளும் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

நமக்கு ஆகாதது குளிர். டிசம்பர், ஜனவரியில் கன்ஹாவில் விடியற்காலை வெப்பம் உறைநிலையைத் தொட்டுப் பார்க்கும். திறந்த ஜீப் நகர ஆரம்பித்ததும் காற்று காதுக்குள் ஊசியாக இறங்கும். ரிசார்ட்காரர்கள் ஆளுக்கு ஒரு கம்பளியும், மடியில் வைத்துக்கொள்ள வெந்நீர்ப் பையும் தருவார்கள். அப்படியும் பைனாகுலரைப் பிடித்த விரல்கள் மரத்துப்போகும். ஏலகிரிக்கு வாங்கிய ஸ்வெட்டர் போதாது. உள்ளே ஒரு தெர்மல், மேலே ஜெர்கின், கையுறை, குரங்குக் குல்லா எல்லாம் வேண்டும். ஒன்பது மணி ஆனதும் எல்லாவற்றையும் கழற்றிவிடுவீர்கள்.

ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை மத்தியப் பிரதேசக் காடுகளின் மையப் பகுதி மூடியிருக்கும். புதன்கிழமை மாலை சஃபாரியும் கிடையாது. கர்நாடகக் காடுகளில் பருவமழை விடுமுறை இல்லை. ஆனால் காட்டுத்தீ, புலி–மனித மோதல் போன்ற காரணங்களால் எந்த மாநிலமும் சஃபாரியைத் திடீரென்று நிறுத்தலாம். கிளம்பும் வாரம் ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சஃபாரி நின்றால் பணம் திரும்பி வருமா என்பதை முன்பணம் கட்டும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

எத்தனை நாள் தங்கினால் புலி கட்டாயம் தெரியும்?

"கட்டாயம்" என்று எந்த ஏஜென்ட்டாவது சொன்னால் அவரிடம் புக் செய்யாதீர்கள். இந்தியா முழுவதும் 2022 கணக்கெடுப்பில் குறைந்தது 3,167 புலிகள் என்று முதலில் அறிவித்தார்கள், பிறகு சராசரி மதிப்பீடு 3,682 என்று வந்தது. இவ்வளவு பெரிய நாட்டில் அவ்வளவுதான். ஒரு புலி ஒரு நாளில் பெரும்பகுதி படுத்தே கிடக்கும், அதுவும் பாதைக்குத் தெரியாத புதரில்.

இரண்டு இரவு போதாது. மூன்று இரவு தங்கினால் ஐந்து, ஆறு சஃபாரி வரும். நல்ல காட்டில், நல்ல பருவத்தில் அது நியாயமான வாய்ப்பு. இரண்டு காடுகளை ஒரே பயணத்தில் அடைத்துக்கொண்டு ஓடுவதைவிட ஒரே காட்டில் கூடுதலாக ஓர் இரவு இருப்பது மேல் என்பது என் கட்சி.

புலியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கழுத்துப் பட்டையில் சிக்னல் வருமா?

அப்படி எதுவும் இல்லை. பெரும்பாலும் காதுதான். ஜீப் போய்க்கொண்டே இருக்கும்போது டிரைவர் சட்டென்று இன்ஜினை நிறுத்துவார். யாரும் எதுவும் பேசக்கூடாது. எங்கேயோ ஒரு புள்ளிமான் கூர்மையாக, விசில் போல ஒருமுறை கத்தும். மரத்தின் மேல் முகம் கறுத்த மந்தி இருமுவது போலக் குரல் கொடுக்கும். புதிதாக வந்தவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். நேச்சுரலிஸ்ட் அசைய மாட்டார். புள்ளிமான் சருகு சலசலத்தாலும் கத்தும், அதை மட்டும் நம்ப முடியாது. அவர் காத்திருப்பது கடமானுக்கு. கடமான் கண்ணால் பார்க்காமல், மூக்கில் படாமல் லேசில் கத்தாது. அந்தக் கனத்த குரல் வந்துவிட்டால் டிரைவர் சாவியைத் திருப்பிவிடுவார். அதற்கு முன்னால் பாதையோர மண்ணில் காலடித் தடம் பார்ப்பார்கள். தடத்தின் விளிம்பு உடையாமல் இருக்கிறதா, மேலே வேறு வண்டித் தடம் ஏறியிருக்கிறதா என்பதிலேயே அது எப்போது போனது என்று சொல்லிவிடுவார்கள்.

இதைக் கூடவே விளக்கிச் சொல்லும் ஆள் கிடைத்தால் புலி வராத சஃபாரியும் அலுக்காது. நேச்சுரலிஸ்ட்டுக்காகப் பணம் கொடுங்கள் என்று நான் மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

சஃபாரி டிக்கெட்டை ரிசார்ட்டே பார்த்துக்கொள்ளுமா?

பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். ஆனால் வாடகையில் சஃபாரி சேர்ந்திருக்கிறதா, எத்தனை சஃபாரி, எந்தக் கேட், மையப் பகுதியா (கோர்) சுற்றுப் பகுதியா (பஃபர்) என்று நாலு கேள்வி கேளுங்கள். "கோர்" என்று நினைத்துப் போய், கிடைத்தது "பஃபர்" என்று கேட்டில் தெரிந்துகொள்கிறவர்கள் நிறையப் பேர். சுற்றுப் பகுதியிலும் புலி உண்டுதான், ஆனால் கொடுத்த காசுக்கு எது என்று தெரிந்திருக்க வேண்டும். வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் தீபாவளி, கிறிஸ்துமஸ், மே மாத அனுமதிகள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். அறை இருக்கும், சஃபாரி இருக்காது. முதலில் சஃபாரி, அப்புறம் அறை, கடைசியில் ரயில்.

இன்னொன்று நமக்கே உரிய சிக்கல்: இனிஷியல். மத்தியப் பிரதேசத்தில் அனுமதிச் சீட்டில் உள்ள பெயரையும் அடையாள அட்டையையும் கேட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருந்தால் முன்னால், அப்பா பெயர் விரிவாக இருந்தால் விரிவாக, எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுங்கள். அசல் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிசார்ட்டில் ஒரு நாள் எப்படிப் போகும்?

ஐந்து மணிக்குக் கதவைத் தட்டி டீயும் பிஸ்கெட்டும் தருவார்கள். ஐந்தரை, ஆறுக்கு ஜீப். பத்து மணி வாக்கில் திரும்பி வருவீர்கள். காலைச் சாப்பாட்டைக் கூடையில் கட்டிக்கொண்டுபோய், உள்ளே அனுமதித்த இடத்தில் ஜீப்பின் முன் மூடி மேல் துணி விரித்துப் பரிமாறும் ரிசார்ட்டுகளும் உண்டு. பனிக் காலையில் அந்தச் சூடான பராத்தாவுக்கு ஈடு இல்லை. மதியம் சாப்பாடு, தூக்கம். மூன்று மணிக்கு மறுபடி காடு. இருட்டும்போது கேட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். குளித்து, நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து, சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் படுக்கை. நீச்சல் குளத்தைப் பெரும்பாலோர் புகைப்படத்தில் மட்டுமே பார்க்கிறார்கள்.

தேனிலவுக்கு ஏற்றதா?

ஐந்து மணிக்கு எழுப்புவார்கள். யோசித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

வடக்கே காரம் குறைவு, எண்ணெய் அதிகம், சப்பாத்தி எப்போதும். பெரிய ரிசார்ட்டுகளில் சொன்னால் சாதம், ரசம், தயிர் எல்லாம் செய்து தருவார்கள். ரசம் என்று வருவது சாம்பாரின் தம்பி போல இருக்கும், குறை சொல்லாமல் குடித்துவிடுங்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டுபோவதில் தப்பே இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி நண்பர்கள் ஹலால் பற்றிக் கேட்பார்கள்: அறை எடுக்கும்போதே எழுதிக் கேட்டால் ஏற்பாடு செய்து தரும் இடங்கள் உண்டு. கேட்காமல் போய் இறங்கினால் மூன்று நாளும் பருப்பும் பனீரும்தான். ஆம்பூர் பிரியாணியும் கத்தரிக்காயும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அங்கே கிடைக்கும் பிரியாணி சமாதானம் சொல்லாது, அதைக் கேட்டு வாங்காதீர்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவுக்குச் சர்க்கரை. கூட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம். ஜிப்ஸி என்ற திறந்த சஃபாரி ஜீப்பின் படி உயரம், அதுதான் முதல் தடை. முக்காலி போட்டு ஏற்றிவிடச் சொன்னால் ரிசார்ட்டில் செய்வார்கள். பாதை குலுக்கும், பின் வரிசை இன்னும் அதிகமாகக் குலுக்கும். முதுகு வலி உள்ளவர்களுக்கு முன் வரிசையைக் கேட்டு வாங்குங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு நினைத்த இடத்தில் இறங்க முடியாது. கழிப்பறை குறிப்பிட்ட ஓரிரு இடங்களில்தான். சர்க்கரை உள்ளவர்கள் கிளம்பும் முன் போய்வந்துவிட வேண்டும், பையில் பிஸ்கெட் இருக்க வேண்டும்.

மூட்டு வலிக்காரர்களுக்குக் கபினியின் படகு சஃபாரிதான் சரி. குலுக்கலே இல்லை. யானை, முதலை, மீன்கொத்தி, வெயில் காலத்தில் கரைக்கு வரும் காட்டெருமை எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம்.

சின்னக் குழந்தைகளை ஜீப்பில் ஏற்றாத ரிசார்ட்டுகள் இருக்கின்றன, வயதைச் சொல்லிக் கேளுங்கள். விதி ஒரு பக்கம் இருக்கட்டும், மூன்று மணி நேரம் பேசாமல் உட்கார முடியாத பிள்ளையை அழைத்துப் போவது அந்தப் பிள்ளைக்கே தண்டனை.

என்ன உடுத்துவது? பூ வைத்துக்கொள்ளலாமா?

காக்கி, பச்சை, பழுப்பு, மங்கிய நிறங்கள். பளீர் வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். புடவையில் ஜீப் ஏறுவது கஷ்டம், சுடிதார் வசதி. மல்லிகைப்பூ பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பூவைவிடக் கொலுசும் கண்ணாடி வளையலும்தான் தொந்தரவு. காட்டில் உலோகச் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பது இன்ஜினை நிறுத்தியதும் தெரியும். சென்ட்டைத் தவிர்த்துவிடுங்கள். புழுதிக்கு ஒரு துண்டு அவசியம்.

ரிசார்ட்டுக்குள் மிருகம் வருமா?

வரும். வேலி இல்லாத ரிசார்ட்டுகளில் மான், பன்றி சாதாரணம், சிறுத்தையும் கடந்துபோகும். இருட்டிய பிறகு அறைக்குப் போக டார்ச்சோடு ஓர் ஆள் கூட வருவார். "பத்து அடிதானே" என்று தனியாக நடக்காதீர்கள். மற்றபடி உண்மையான திருடன் குரங்கு. பால்கனிக் கதவைத் திறந்துவைத்துக் குளிக்கப் போனால், திரும்பி வரும்போது மாத்திரை டப்பா உட்பட எதுவும் இருந்த இடத்தில் இருக்காது.

மலேரியா, உண்ணிக் காய்ச்சல் பயம் இருக்கிறதா?

கொசு விரட்டி பூசுங்கள், முழுக்கால் சட்டை போடுங்கள், புல்லில் நேரடியாக உட்காராதீர்கள். மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் அட்டை இருக்கும், அது வெறும் எரிச்சல். கர்நாடகம், வயநாடு பக்கத்துக் காடுகளில் உண்ணி மூலம் பரவும் குரங்குக் காய்ச்சல் கோடையில் தலைகாட்டும். செத்த குரங்கு கிடந்தால் கிட்டப் போகாதீர்கள்.

உண்ணி போன்ற சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் நம் மாவட்டத்திலேயே சாதாரணம், அதற்குக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. இருந்தாலும் திரும்பி வந்து பத்து நாள் வாக்கில் விடாத காய்ச்சல், தலைவலி, உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு என்று இருந்தால் டாக்டரிடம் "காட்டுக்குப் போய்வந்தேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் எளிய மருந்திலேயே குணமாகும். தாமதித்தால் ஆபத்து.

செல்போனில் படம் எடுக்கலாமா?

பல காடுகளில் இப்போது சஃபாரியின்போது செல்போனுக்குக் கட்டுப்பாடு, கேட்டிலேயே சொல்லிவிடுவார்கள். ட்ரோன், ஃபிளாஷ் கூடாது. கர்நாடகத்தில் பெரிய லென்ஸுக்குத் தனிக் கட்டணம் உண்டு. கேமரா இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம், நல்ல பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும். குடும்பத்துக்கு ஒன்று அல்ல, இருவருக்கு ஒன்று. இல்லாவிட்டால் புலி நிற்கும் அரை நிமிடமும் பிடுங்கிக்கொள்வதிலேயே போய்விடும்.

மசினகுடி ரிசார்ட்டுகளைக் கோர்ட் மூடியது என்றார்களே, என்ன விஷயம்?

முதுமலையை ஒட்டி, மசினகுடி இருக்கும் சேகூர் பீடபூமியில் யானைகள் இடம்பெயரும் வழித்தடத்தில் ரிசார்ட்டுகள் முளைத்திருந்தன. 2010-ல் தமிழக அரசு அந்த வழித்தடத்தை அறிவித்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2018-ல் பல ரிசார்ட்டுகளுக்கு சீல் வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, 2020 அக்டோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதியும் செய்தது. ஆகவே அந்தப் பக்கம் யாராவது "காட்டுக்கு நடுவில் ரிசார்ட்" என்று மலிவு விலை சொன்னால் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். யானைக்குத் தடையாக மின்வேலி போட்டு, ராத்திரி ஸ்பீக்கர் வைத்து, வண்டியில் "நைட் சஃபாரி" கூட்டிப் போகிறேன் என்பவர்கள் எல்லா மாநிலத்திலும் இருக்கிறார்கள். அங்கே போனால் நாளைக்கு பேர்ணாம்பட்டு மாந்தோப்புக்கு வரும் யானையைப் பற்றிக் குறை சொல்ல நமக்கு வாய் இருக்காது.

டிப்ஸ்?

வழிகாட்டிக்கும் டிரைவருக்கும் தனித்தனியாக, கையில் கொடுங்கள். ரிசார்ட் பணியாளர்களுக்குப் பொதுப் பெட்டி இருக்கும். புலி வந்த நாளுக்கு ஒரு தொகை, வராத நாளுக்கு ஒரு தொகை என்று வைக்காதீர்கள். அப்படி வைப்பதால்தான் புலி தெரிந்த இடத்துக்கு இருபது ஜீப்புகள் முண்டியடிக்கின்றன.

அவ்வளவு வசதி இல்லை, ஆனால் ஆசை இருக்கிறது. வழி உண்டா?

நிறைய உண்டு. ஜங்கிள் லாட்ஜஸ் 1980-ல் தொடங்கிய அரசு நிறுவனம். கபினியில் மைசூர் மகாராஜாவின் பழைய வேட்டை மாளிகை வளாகத்திலேயே அவர்களுடைய விடுதி இருக்கிறது. வாடகையில் சாப்பாடும் சஃபாரியும் சேர்த்தே வரும். மத்தியப் பிரதேச சுற்றுலாத் துறைக்கும் கன்ஹா, பெஞ்ச் பக்கம் நல்ல விடுதிகள் இருக்கின்றன. முதுமலையில் வனத்துறை விடுதியில் தங்கி, தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டியில் சஃபாரி போகலாம். இதில் சில இடங்களில் மூன்று இரவு தங்கும் பணத்துக்குப் பெரிய ரிசார்ட்டில் ஓர் இரவுகூடக் கிடைக்காது. ஆறு பேராகச் சேர்ந்து போனால் மத்தியப் பிரதேசத்தில் ஒரு ஜிப்ஸியை முழுதாக எடுத்துச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆறு பேரில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவர் ஒருவர் இருந்தால் அவரைப் படகு சஃபாரிக்கு அனுப்பிவிடுங்கள்.